பாணுக்கு எல்லே ஆடிய வருஷம்

சென்ற வருடம் என் கணவருக்கு ஒரு கோதுமைமாச் சாக்கைச் சட்டையாகத் தைத்துப் போட்டு, உச்சி வெயிலில் எங்கள் வளவைச் சுற்றி ஓடவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். முழங்கால் வலிக்காரர். வியர்வை போதாது என்று இடைக்கிடை முதுகில் ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஐயாவுக்கு ஏதும் நேர்த்திக்கடனோ என்று விசாரித்தார். ஆராய்ச்சி என்றேன். அவர் தலையை உள்ளே எடுத்துக்கொண்டார்.

சாக்கின் உட்பக்கத்தில் இருக்கும் சிவப்பு எழுத்து, வியர்வையில் ஊறி வெளிப்பக்கம் கசியுமா என்பதுதான் நான் அறிய விரும்பியது. கசியவில்லை. கணவர் மாமரத்தடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, கசியாவிட்டால் என்ன முடிவுக்கு வரவேண்டும் என்று கேட்டார். பழசாகி மை இறுகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். வங்கியில் இருந்தவர்களுக்கு இப்படிப்பட்ட முடிவுகள் புதிதல்ல. அவர் எழுந்து போய்க் குளித்தார்.

அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பழைய மாணவர் ஒன்றுகூடலில் மதியச் சாப்பாடு ஆறும்வரை பேசினேன். கணவர் ஓடிய கதையையும் சொன்னேன். கைதட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். இப்போது எழுதவும் உட்கார்ந்திருக்கிறேன்.

என்னோடு பாண் வரிசையில் நின்றவர்களே, அந்த வருஷங்களை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி. மாக் கப்பல் எங்கள் துறைமுகத்துக்குத்தான் வரும். ஆனால் மா எங்கள் ஊரில் நிற்காது. விடியற்காலையில் பேக்கரி வாசலில் செருப்பை வரிசையில் வைத்து இடம் பிடித்துவிட்டு, கல்லில் குந்தி இருந்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பார்த்துக்கொண்டே ஒரு இறாத்தல் பாணுக்குக் காத்திருப்போம். சில நாட்களில் பாண் முடிந்து செருப்பு மட்டும் மிஞ்சும். சில நாட்களில் செருப்பும் மிஞ்சாது. மற்ற நாட்களில் மரவள்ளி. அவித்த மரவள்ளி, வறுத்த மரவள்ளி, காயவைத்து இடித்துப் பிட்டாக்கிய மரவள்ளி. அப்போது எங்களுக்குப் பசி என்று ஒரு சொல் இருந்ததாக நினைவில்லை. அது காலநிலை மாதிரிக் கிடந்தது.

எங்கள் வீடு கப்பல் திருத்தும் டொக்யாட்டுக்குப் போகும் வீதியில் ஒரு பெரிய வீட்டின் பின்பாதி. அப்பா டொக்யாட் களஞ்சியத்தில் வேலை. அம்மாவிடம் ஒரு கைத் தையல் மெசின் இருந்தது. தவழும் தம்பி ஒருவன். பிறகு சித்தப்பா, அப்பாவின் தம்பி. அவருக்கு வேலை இல்லை. உயரம் இருந்தது. அந்த உயரத்தை வைத்து எல்லே விளையாடுவார்.

எல்லே தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தன் பக்கத்து ஆள் போட்டுக் கொடுக்கும் ரெனிஸ் பந்தை மூங்கில் தடியால் அடித்துவிட்டு, தூரத் தூர நட்ட கம்புகளைத் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் ஓடி வரவேண்டும். கம்பைப் பிடித்து நிற்பவனை ஒன்றும் செய்ய ஏலாது. இரண்டு கம்புகளுக்கு நடுவில் ஓடும்போது எதிர்ப்பக்கத்தான் பந்தால் எறிவான். மேலில் எங்கே பட்டாலும் ஆள் அவுட். பின்னாளில் நூலகத்தில் படித்தேன், அமெரிக்காவில் பேஸ்போல் முளைவிட்ட காலத்திலும் ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்துதான் வெளியேற்றினார்களாம். பிறகு நாகரிகம் வந்து அதை விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை.

கோட்டைக்கு முன்னால் உள்ள வெளியில்தான் ஆட்டம். அங்கே மான்கள் மேயும். மானில் பந்து பட்டால் ஆட்டம் நிற்காது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். மான்களுக்கும் அது தெரிந்திருந்தது, தடியின் சத்தம் கேட்டால் தலையை மட்டும் நிமிர்த்தும்.

ஆட்டத்தில் எப்போதும் வருகிற சண்டை ஒன்றுதான். பட்டதா, படவில்லையா. ஓடியவன் படவில்லை என்பான், எறிந்தவன் பட்டது என்பான். இரண்டு பேருக்கும் சொந்தக்காரர் உண்டு. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் எங்கள் அப்பா. அவர் ஒரு காலத்தில் டொக்யாட் அணிக்கு ஆடியவர், இடுப்புப் பிடித்ததும் நடுவர் ஆனார். களஞ்சியத்தில் கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசும் மையில் கலக்கிற செம்பொடி இருந்தது. பழைய பால்மாத் தகரப் பேணி ஒன்றில் அதைக் கொஞ்சம் எடுத்து வருவார். ஒவ்வொரு அடிக்கு முன்னும் பந்தை அந்தப் பேணிக்குள் உருட்டி எடுத்துக் கொடுப்பார். யார்மேல் பட்டாலும் சிவப்பாகக் கறை விழும். தடியைத் தூக்குமுன் ஒவ்வொருவனையும் சுற்றிவர நிறுத்திச் சட்டை சுத்தமா என்று பார்ப்பார். ஓடி முடிந்ததும் மறுபடி பார்ப்பார். கறை கிடந்தால் அவுட். வேறு கதை இல்லை.

அதற்குப் பிறகு வெளியில் சண்டை குறைந்தது, குளியலறைகளில் சவர்க்காரம் கூடியது. அப்பா தன் வாழ்க்கையில் செய்த காரியங்களில் அந்தப் பேணிக்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார். நானும் தம்பியும் அதற்குப் பின்னால்தான் வந்தோம்.

அந்த வருஷம்வரை எல்லே சும்மா ஆடப்பட்டது. சித்திரையில் கூடுவார்கள், அடிப்பார்கள், கலைவார்கள். அதைத் தொழிலாக்கியவர் பேக்கரி முதலாளி. தடி பிடித்தவர் அல்ல. வயிறு விடாது. ஆனால் ஊரில் பாண் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு ஒரு அணியும் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. டொக்யாட், ஐஸ் பக்டரி, துறையடிக்காரர் என்று மூன்று அணி ஏற்கெனவே இருந்தது. நாலாவதாகத் தன் அணியைச் சேர்த்து, ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம், பருவ முடிவில் கடைசி ஆட்டம், வென்றால் கிண்ணம் என்று ஒழுங்கு செய்தார். தன் அணிக்கு ஆடுகிறவனுக்கு ஆட்ட நாளில் இரண்டு இறாத்தல் பாண், பயிற்சிக்கு வந்தால் ஒன்று. வரிசை இல்லை, செருப்பு வைக்கத் தேவையில்லை.

முதல் ஞாயிறு அவர் கதிரையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் வண்டியில் வந்து எல்லையில் இறங்கினார். பெட்டிக்குள் பாண். போறணை அடுப்பில் இருந்து நேரே வந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அவர் கதிரையைப் போடுவார் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு டொக்யாட் அணி பந்து பிடிக்கவேயில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த ஞாயிறு அந்த அணியில் பாதிப்பேர் பேக்கரிக்கு ஆடினார்கள். ஐஸ் பக்டரி முதலாளி விழித்துக்கொண்டு தன் ஆட்களுக்கு மீன் கொடுக்கத் தொடங்கினார். துறையடிக்காரர் ரோசத்தோடு கொஞ்ச நாள் சும்மா ஆடிப் பார்த்துவிட்டு வராமல் விட்டார்கள்.

சித்தப்பாவைக் கேட்டு முதலாளி வீட்டுக்கே வந்தார். அப்பா வாசலில் கதிரை கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். முதலாளி நீட்டிப் பேசவில்லை. பாண் எல்லோருக்கும் கொடுக்கிறதுதான், தம்பிக்கு அதற்குமேல் ஒன்று: கிண்ணத்தை வென்று கொடுத்தால் போறணையடியில் நிரந்தர வேலை. சித்தப்பா அப்போது வேலை தேடி அலுத்து, தேடுவது மாதிரி வெளியே போய்வரும் கட்டத்தில் இருந்தார். ஓம் என்று சொன்னதும் முதலாளி வண்டியில் இருந்து ஒரு பாணை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போனார். சூடு. நான் அதை உடம்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். தம்பி பிறந்தபோதும் அப்படித் தந்தார்கள். இரண்டில் எது பாரம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

அன்றுதான் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. அப்பா பாணைப் பார்த்தார். நறுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தனக்கு வைக்க வேண்டாம் என்றார்.

"தீர்ப்புச் சொல்லுறவன் நான். அந்தப் பாண் என்ர வயித்துக்குள்ள போகக் கூடாது. நீங்கள் சாப்பிடுங்கோ, அது உங்கட பாடு."

"ஒரே மேசையில இருந்து நாங்கள் மட்டும் எப்பிடித் தின்னுறது?" என்றார் அம்மா.

"வாயாலதான்."

ஆகவே அந்தப் பருவம் முழுக்க ஒரே மேசையில் நாங்கள் பாணும் சம்பலும், அப்பா மரவள்ளியும் அதே சம்பலும். சித்தப்பா தலையைக் குனிந்து தின்பார். தான் கொண்டுவந்த பாண் என்பதால் அவருக்குத்தான் அது இறங்கச் சிரமமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அப்பாவின் பங்கும் எனக்கு என்ற அளவில் நேர்மையை மிகவும் மதித்தேன்.

இடையில் ஒரு நாள் அம்மா மிஞ்சின பாண் கரையைக் காயவைத்துப் பொடித்து, மீன் குழம்பு தடிக்கட்டும் என்று அதற்குள் போட்டுவிட்டார். அப்பா மரவள்ளியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். இன்றைக்குக் குழம்பில் ஒரு கைராசி இருக்கிறது என்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சித்தப்பா எழுந்து குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். அவர் அங்கே நின்று சிரித்ததை நான் கண்டேன், அந்த வீட்டில் அவர் சிரித்துக் கண்ட கடைசித் தடவை அது. அப்பாவுக்கு இது கடைசிவரை தெரியாது. நடுவர் பாண் தின்றபின்தான் அந்தப் பருவத்தின் பாதித் தீர்ப்புகள் வந்தன. அவற்றில் ஒன்றிலும் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா சித்தப்பாவுக்கு ஒரு தடவைகூடச் சலுகை காட்டியதில்லை. மற்றவர்களைச் சுற்றி ஒருமுறை பார்த்தால் சித்தப்பாவைச் சுற்றி இருமுறை பார்ப்பார். கறையா ஊத்தையா என்று சந்தேகமான இடத்தில் மற்றவர்களுக்கு ஊத்தை, சித்தப்பாவுக்குக் கறை. சொந்தத் தம்பிக்குக் கடுமை காட்டுவதுதான் நீதி என்று அவர் நினைத்தார். ஊரும் அப்படித்தான் நினைத்தது. சந்தையில் அவருக்கு மரியாதை கூடியது, மீன்காரர் நல்ல மீனைக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கு யோசித்தால், அதுவும் ஒரு சம்பளம்தான்.

கடைசி ஆட்டம் பேக்கரிக்கும் ஐஸ் பக்டரிக்கும். முதலாளி தன் ஆட்களுக்கு ஒரே மாதிரிச் சட்டை வேண்டும் என்று வெறும் மாச் சாக்குகளை அம்மாவிடம் அனுப்பினார். அந்தக் காலத்துச் சாக்கு நல்ல பருத்தித் துணி. ஒரு பக்கம் வெறுமை, மறுபக்கம் சிவப்பில் கோதுமைக் கதிர் ஒன்றும் இங்கிலிஷ் எழுத்தும். நன்கொடை மா, விற்கவும் கூடாது, மாற்றவும் கூடாது என்று அந்த எழுத்துச் சொல்லும். அம்மா சோடாப் போட்டு அவித்துப் பார்த்தார். எழுத்து வெளிறியது, போகவில்லை. வெறுமைப் பக்கங்களை வெட்டி எல்லோருக்கும் தைத்துக்கொண்டு வந்தார். சித்தப்பாவின் சட்டை கடைசியில் வந்தது. அவர் உயரத்துக்கு வெறுமைத் துணி முதுகுக்குப் போதவில்லை. அம்மா எழுத்துத் துண்டை எடுத்து, எழுத்து உட்பக்கம் போகத் திருப்பி வைத்துத் தைத்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சித்தப்பா போட்டுப் பார்த்து, முதுகு சொறிகிறது என்றார். அம்மா, வேலை கிடைத்ததும் பொப்ளின் வாங்கித் தைக்கலாம் தம்பி என்றார்.

அந்த வேலையை வீட்டில் எல்லோரும் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாவிக்கத் தொடங்கியிருந்தோம். அம்மா பொப்ளின் வாங்கியாயிற்று. நான் தினமும் வெண்ணெய் பூசிய பாணோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாகூட, தம்பி சம்பளக்காரன் ஆனபிறகு தான் நடுவர் வேலையை விட்டுவிட்டுப் பாண் சாப்பிடலாம் என்று ஒரு நாள் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பாணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கு ஊரே வெளியில் நின்றது. பெண்கள் மதிலோரம். அம்மா தம்பியை இடுப்பில் வைத்திருந்தார். முதலாளியின் கதிரைக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி, மூடி திறந்து. கடைசி ஆளாகச் சித்தப்பா தடியை எடுத்தபோது இரண்டு பக்கமும் சரிசமன். அவர் ஒரு வட்டம் ஓடி வந்தால் கிண்ணம், வராவிட்டால் முந்தின ஞாயிறு வென்றதை வைத்து ஐஸ் பக்டரிக்கு. அப்பா அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டை வெள்ளை. பந்தைப் பேணிக்குள் உருட்டிக் கொடுத்தார்.

சித்தப்பா அடித்த அடியில் பந்து கோட்டைப் பக்கம் போனது. முதல் கம்பு, இரண்டாம் கம்பு. மூன்றாம் கம்பில் நிற்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் நிற்கவில்லை. எதிரில் பந்தை எடுத்தவர் ஐஸ் பக்டரியில் ஐஸ் உடைக்கிறவர், குறிஞ்சாக்கேணிக்காரர், இடக்கையர். அவர் கையில் இருந்து போன பந்தைக் கண்ணால் பின்தொடர ஏலாது என்பார்கள். அவர் எறிந்தார். அதே நேரம் மான் கூட்டம் வெருண்டு குறுக்கே பாய்ந்தது. புழுதி. புழுதி அடங்கியபோது சித்தப்பா கடைசிக் கம்பைப் பிடித்துக் குனிந்து நின்றார். பந்து அவருக்குப் பின்னால் மண்ணில் கிடந்தது. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்பா நடந்து வந்தார். ஓடவில்லை. சித்தப்பாவின் தோளைப் பிடித்துத் திருப்பினார். முதுகின் நடுவில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு.

அவர் கையை உயர்த்தினார்.

சித்தப்பா தலையை எட்டித் தன் முதுகைப் பார்க்க முயன்றார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "முதுகில படேல்லை அண்ணை."

"கறை கிடக்கு."

"முதுகில படேல்லை எண்டு சொல்லுறன்."

"சட்டையைக் கழட்டிப் பார். கறை கிடக்கு."

சித்தப்பா கழற்றவில்லை. பேக்கரிக்காரர் ஓடிவந்து அப்பாவைச் சூழ்ந்தார்கள். முதலாளி கதிரையில் இருந்தபடியே, சொந்தச் சகோதரத்துக்கே துரோகம் செய்கிறவன் என்று சத்தம் போட்டார். மற்றப் பக்கத்தில் இருந்து கைதட்டு எழுந்தது. முதலில் சிலர், பிறகு பலர். தம்பி என்றும் பாராமல் தீர்ப்புச் சொன்ன மனிதனுக்கு ஊர் கைதட்டியது. அப்பா பேணியை மூடிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அவர் அவ்வளவு உயரம் என்று நான் அதற்குமுன் கவனித்ததில்லை.

அம்மா அந்த முதுகைப் பார்த்துவிட்டுத் தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றினார். தைத்தவருக்குத் தெரிந்திருக்கும். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளியின் ஆள் வந்து அதை மூடி, தூக்கி, வண்டியில் வைத்தான். அன்றைக்கு ஆடினவர்களுக்கும் பாண் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை. இரவுக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். மரவள்ளி.

சித்தப்பா யாரோடும் கதைக்காமல் வெளியின் மூலையில் இருந்த குழாயடிக்குப் போனார். அவருடைய செருப்பைக் கொடுத்து வரும்படி அம்மா என்னை அனுப்பினார். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழுவினார். செருப்பை வைத்துவிட்டு நின்றேன்.

"போ பிள்ளை, வாறன்" என்றார். நிமிரவில்லை.

மறுநாள் அம்மா சட்டையைத் தோய்த்தார். செம்பொடி சவர்க்காரத்துக்குப் போய்விடும், அந்தப் பருவம் முழுக்கத் தோய்த்தவர் அவர். இது போகவில்லை. அதைத் திருப்பாமல் அப்படியே கொடியில் விரித்தார். வெயிலில் பார்த்தால் கறைக்கு நடுவே கோதுமைக் கதிரின் தலைகீழ் வடிவமும், பின்புறமாக வாசிக்கிற எழுத்தும் மங்கலாகத் தெரிந்தன. அப்பா வேலையால் வந்து சைக்கிளை நிறுத்தினார். கொடிக்கு முன்னால் நின்றார். துணியைக் கையால் தொட்டு, விரலைப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

அம்மா பின்னால் வந்து நின்றார். "அது சாக்கு எழுத்து" என்றார்.

"தெரியும்."

அவ்வளவுதான். இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். வீட்டில் அதைப்பற்றிப் பேசப்பட்ட முழுக் கதையும் இதுதான், நான் சுருக்கவில்லை.

அப்பா அதன்பிறகு நடுவராக நிற்கவில்லை. செம்பொடிப் பேணி கொஞ்ச நாள் குசினி யன்னலில் இருந்தது, பிறகு காணோம். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை, அதற்குரிய சொற்கள் யாரிடமும் இருக்கவில்லை. அப்பா சித்தப்பாவோடு முன்னரைவிட மரியாதையாகப் பேசத் தொடங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். ஒரே வீட்டில் இருக்கிறவனைப் பார்த்து அப்படிக் கேட்பதைப்போல ஒரு தண்டனை இல்லை. சித்தப்பா ஓம் என்பார், நிலத்தைப் பார்த்து. கோபம் என்று நாங்கள் எல்லோரும் விளங்கிக்கொண்டோம். கோபப்பட அவருக்கு உரிமை உண்டு என்றும் விளங்கிக்கொண்டோம்.

பேக்கரி கொஞ்ச நாளில் அரைநாள் மட்டும் திறந்தது. பிறகு மா வந்த நாளில் மட்டும். அடுத்த வருஷம் சம்பள ஆட்டம் நடக்கவில்லை. அமெரிக்காவில் இப்படித் தொடங்கியதைத்தான் பிறகு பெரிய தொழிலாக்கினார்கள் என்று படித்தேன். அங்கேயும் முதலில் கடையில் வேலை என்று பெயருக்குச் சொல்லித்தான் ஆட்டக்காரனைப் பிடித்தார்களாம். அவர்களுக்கு மாவுக்குத் தட்டுப்பாடு வரவில்லை போலும்.

சித்தப்பா ஒரு கப்பலில் குசினி வேலைக்குப் போனார். போகிற காலையில் அப்பா தன் டொக்யாட் சப்பாத்தை எண்ணெய் பூசித் துடைத்து அவர் முன்னால் வைத்தார். அதிகம் போடாத சப்பாத்து. கப்பல் தளம் வழுக்கும், போட்டுக்கொண்டு போ என்றார். சித்தப்பா அதைப் பார்த்தபடி இருந்தார். ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். "அண்ணை" என்றார். அப்பா, பஸ்சுக்கு நேரம் போகிறது என்றார். அந்த நேரம் அப்பா என்ன எதிர்பார்த்துப் பயந்தார் என்று எனக்குத் தெரியும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்: தம்பி தன்னைக் குற்றம் சொல்லப்போகிறான் என்று. சித்தப்பா சப்பாத்துக்குள் காலை வைத்தார். அளவு சரியாக இருந்தது.

பிறகு இரண்டு தடவை வந்தார். எனக்குச் சொக்லேட்டும் அப்பாவுக்குச் சவரக் கத்தியும் கொண்டுவந்தார். அப்பாவும் அவரும் கப்பல்களைப்பற்றிப் பேசினார்கள், காற்றைப்பற்றி, மீன் விலையைப்பற்றி. எல்லே பற்றிப் பேசவில்லை.

அப்பா அந்த வருஷத்துக்குப் பிறகு பாண் சாப்பிடவில்லை. கடைகளில் பாண் குவிந்து கிடந்த காலத்திலும் சாப்பிடவில்லை. பிற்காலத்தில் சர்க்கரை என்று சொல்லி, மாச்சாமான்களை நிறுத்துங்கள் என்று வைத்தியர் கட்டளை போட்டபோது அவருக்கு நிறுத்த ஒன்றும் இருக்கவில்லை. அப்பா கண்ணை மூடியபோது சித்தப்பா எங்கோ கடலில் இருந்தார். சித்தப்பா போன செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. அப்போது தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். சரி என்று சொல்லிவிட்டு தோசையைத் திருப்பினேன். கருகவில்லை. அதைச் சாப்பிட்டதும் நினைவில் இருக்கிறது.

அழ முடியாதவர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். நான் பழைய சாக்குத் தேடினேன். பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது. எழுத்து இருந்தது. மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒன்றுகூடலில் நான் பேசி முடித்த பிறகு பிரியாணி போட்டார்கள். கை கழுவும் இடத்தில் எனக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒரு முதியவர் நின்றார். இடக்கையால் குழாயைத் திறந்தார். பேத்தி பழைய மாணவி என்றும், சாப்பாடு இருக்கிறது வாங்க மூத்த வாப்பா என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தாள் என்றும் சொன்னார். குறிஞ்சாக்கேணியில் இருந்து. கையைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது. ஐஸ் உடைத்தவர். மேடையில் நான் அவரைப்பற்றியும் சொல்லியிருந்தேன், உயிரோடு இருப்பார் என்று நினைக்காமல்.

பேச்சு நன்றாக இருந்தது என்றார். சாக்கு, எழுத்து, வியர்வை எல்லாவற்றையும் சரியாகக் கோத்துச் சொன்னேனாம். தன் மகன்மாருக்கு இப்படிக் கதைக்க வராதாம். நான் நன்றி சொன்னேன். அவர் விரல் விரலாகக் கழுவினார். பிறகு குழாயை மூடிவிட்டு, இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

"ஆனா உங்கட சித்தப்பா அவுட்டுதான் புள்ள. பந்து பட்டது முதுகில இல்ல, குதிக்காலில. எறிஞ்ச எனக்குத் தெரியும், பட்ட அவருக்கும் தெரியும். இதுக்குப் போய் அந்த மனிசனுக்கு ஏன் சாக்கப் போட்டு வெயில்ல ஓட விட்டீங்க?"